முடிவெடுத்த பிறகு கேட்கப்படும் கருத்து

2014 நவம்பரில் செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சாவா ஆற்றங்கரையில் வரப்போகும் பிரம்மாண்டமான குடியிருப்பு, வணிக வளாகத் திட்டத்தைப் பற்றிப் பொதுமக்கள் தங்கள் ஆட்சேபங்களைச் சொல்லலாம் என்று சட்டப்படி கூட்டிய கூட்டம். வந்தவர்களில் ஒரு பகுதியினர் காற்றடைத்த நீச்சல் வளையங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்களை மூழ்கடிக்கப் போகிறீர்கள், அதற்குத் தயாராக வந்திருக்கிறோம் என்பது அதன் பொருள். அவர்கள் இயக்கத்தின் பெயரிலேயே ஒரு சிலேடை உண்டு. செர்பிய மொழியில் 'நெ தாமோ' என்றால் 'கொடுக்க மாட்டோம்'. நடுவில் 'வி' என்ற ஓர் அசையைச் செருகி 'நெ தாவிமோ' என்றால் 'மூழ்கடிக்க வேண்டாம்'. அந்த அசையை அடைப்புக்குறிக்குள் போட்டு, 'நெ தா(வி)மோ பெயோக்ராத்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெல்கிரேடைக் கொடுக்கவும் மாட்டோம், மூழ்கவிடவும் மாட்டோம்.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தங்கள் ஆட்சேபம் எதையும் மாற்றப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? கம்யூனிச ஆட்சி விழுந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கிழக்கு ஐரோப்பாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் நகரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு என்ற பேச்சு வந்தால் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. மக்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் பழைய காலத்தைப் பார்த்துவிடலாம். சோவியத் ஒன்றியத்தில் நகரத் திட்டம் என்பது மேலிருந்து இறங்கி வருவது. எந்த ஆலை எங்கே, அதற்கு எத்தனை தொழிலாளர்கள், அவர்களுக்கு எத்தனை சதுர மீட்டர் குடியிருப்பு, எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்குப் போட்டுக் கட்டிக்கொண்டே போவார்கள். குடியிருப்பவரைக் கேட்பதற்கு அங்கே இடமே இல்லை. கேட்டாலும் அவர் எதைப் பார்த்துப் பதில் சொல்வது? பொதுமக்கள் கையில் கிடைத்த வரைபடங்களே வேண்டுமென்று திரித்து அச்சிடப்பட்டவை. ஆறுகளும் சாலைகளும் இடம் மாற்றி வரையப்பட்டிருந்தன என்பதை 1988-இல் சோவியத் வரைபடத் துறையின் தலைவரே ஒப்புக்கொண்டார்.

யூகோஸ்லாவியா இதில் ஒரு விதிவிலக்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே சோஷலிசம் 'சுயநிர்வாகம்' என்ற பெயரில் வேறு விதமாக ஓடியது. பேட்டைதோறும் 'மெஸ்னா சயெட்னிட்சா' என்ற உள்ளூர் அமைப்பு இருந்தது. 1974 அரசியலமைப்பு அதை எல்லா இடத்துக்கும் கட்டாயமாக்கியது. சாலை போட வேண்டும், பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்றால், சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களே தருவதற்கு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வார்கள். கட்சியின் கை எங்கும் நீண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் தெருமுனைச் சாலைக்குக் காசு தருவதா வேண்டாமா என்று வாக்குப் போட்டுப் பழகிய தலைமுறை அது. நீச்சல் வளையத்தோடு வந்த இளைஞர்களின் பெற்றோர்கள்.

சோவியத் ஒன்றியத்திலும் அதன் கூட்டாளி நாடுகளிலும் மக்கள் முதலில் தெருவுக்கு வந்த காரணங்களில் பல, திட்டமிடல் சம்பந்தப்பட்டவைதான். ஹங்கேரியில் டான்யூப் ஆற்றின் நாஜ்மரோஷ் அணைக்கு எதிராக 1988-இல் நாடாளுமன்றத்தின் முன் பெரும் கூட்டம் கூடியது. அடுத்த ஆண்டு மே மாதம் அரசு வேலையை நிறுத்தியது. லாத்வியாவின் ரீகாவில் அதே 1988-இல் மெட்ரோ ரயில் வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள். மெட்ரோவை எதிர்ப்பார்களா என்று இன்றைக்குத் தோன்றும். மெட்ரோ வந்தால் அதைக் கட்ட வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள், தங்கள் நகரத்தில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற பயம் அதற்குள் இருந்தது. அரசியல் பேச முடியாத காலத்தில் அணையையும் மெட்ரோவையும் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான்.

அப்படி ஆரம்பித்தவர்கள் 1990-களில் எங்கே போனார்கள்? ஒரு காரணம் எளியது. ஆட்சி மாறியதும் அவர்களில் பலர் அரசியலுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு காரணம் வீடு. ரஷ்யாவில் 1991 சட்டப்படி, குடியிருந்த அரசு வீட்டை இலவசமாகவே சொந்தமாக்கிக்கொள்ளலாம். மற்ற நாடுகளில் சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான வாடகைதாரர்கள் உரிமையாளர்களாகிவிட்டார்கள். வீட்டுக் கதவுக்கு உள்ளே எல்லாம் என்னுடையது. வெளியே உள்ள மாடிப்படி, முற்றம், மரம், பூங்கா யாருடையது என்று யாருக்கும் தெளிவில்லை. மாஸ்கோவில் அடுக்குமாடி நிற்கிற நிலம் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர்கள் பெயருக்கு முறையாக அளந்து மாற்றித் தரப்படவில்லை. பொது இடத்துக்காக வாதாட யாருக்கு உரிமை என்ற கேள்வி அங்கேயே சிக்கிக்கொண்டது.

மூன்றாவது காரணம், 'திட்டம்' என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களில் வாழ்ந்து சலித்தவர்களுக்கு நகரத் திட்டமும் அதன் தம்பியாகத்தான் தெரிந்தது. முதலீட்டாளர் வந்தால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று மேயர்கள் நம்பினார்கள். போலந்தில் இது சட்டமாகவே நடந்தது. 2003 முடிவோடு பழைய காலத்து நகரத் திட்டங்கள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. புதிய திட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இப்போதும் திட்டம் இருக்கிறது. மீதி இடங்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக 'கட்டட நிபந்தனை' ஆணை வாங்கிக் கட்டலாம். திட்டம் என்று ஒன்று இருந்தால் அதன் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைத்தாக வேண்டும், யாரும் வந்து கருத்துச் சொல்லலாம். தனி ஆணைக்கு அது தேவையில்லை. பக்கத்து மனைக்காரர்களுக்கு மட்டும் பேச உரிமை உண்டு, தெருவில் மற்றவர்களுக்கு இல்லை. ஆக, கருத்துக் கேட்கும் சட்டம் அப்படியே இருக்க, கேட்க வேண்டிய சந்தர்ப்பமே வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. 2023-இல்தான் ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பொதுத் திட்டம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

சரி, பெல்கிரேடுக்குத் திரும்புவோம். இந்தக் கதையின் எல்லா முடிச்சுகளும் அங்கே ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன.

சாவா நதியின் வலது கரையில், நகரத்தின் நடுவிலேயே, ரயில்வே யார்டும் கிடங்குகளும் பழைய குடியிருப்புகளுமாகப் பெரிய நிலப்பரப்பு ஒன்று கிடந்தது. அதை என்ன செய்வது என்று கட்டடக்கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக யோசித்து வந்தார்கள். அங்கே எதைக் கட்டினாலும் சர்வதேசப் போட்டி நடத்தித்தான் வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நகரத்தின் பொதுத் திட்டமே சொன்னது. 2012 தேர்தல் பிரச்சாரத்தில் 'பெல்கிரேட் நீர்முகம்' என்ற பெயரில் ஒரு கனவு வாக்குறுதியாக வெளிப்பட்டது. 2014 தொடக்கத்தில் அபுதாபி நிறுவனத்தோடு சேர்ந்து வானளாவிய கோபுரங்களோடு ஒரு மாதிரி வடிவமும் காட்டப்பட்டது. 350 கோடி யூரோ முதலீடு வரும் என்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் அரசு இதைக் குடியரசுக்கே சிறப்பு முக்கியத்துவம் உள்ள திட்டமாக அறிவித்தது. அப்புறம், செப்டம்பரில் நகரப் பொதுத் திட்டத்தைத் திருத்தி, போட்டி நடத்த வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

கருத்துக் கேட்டது இதற்கெல்லாம் பிறகு. வரிசையைக் கவனியுங்கள்: மாதிரி வடிவம், கூட்டாளி, அரசு அறிவிப்பு, பொதுத் திட்டத்தில் திருத்தம், கடைசியில் மக்கள். தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று பெண்ணைக் கேட்பது போல. அந்த நடைமுறைக்குச் செர்பியச் சட்டம் வைத்திருக்கும் பெயரும் பொருத்தமானதுதான். 'யாவ்னி உவித்' என்பார்கள், 'பொதுப் பார்வை' என்று மொழிபெயர்க்கலாம். குறைந்தது 30 நாட்கள் திட்ட வரைவைப் போய்ப் பார்க்கலாம், ஆட்சேபத்தை எழுதித் தரலாம். பிறகு ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஏற்கிறோம், நிராகரிக்கிறோம் என்று பதிவு செய்யும். பார்ப்பதற்கு உரிமை தந்த சட்டம், பார்த்தவர் சொன்னதைக் கேட்டாக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

அதே 2014 டிசம்பரில் திட்டமிடல் சட்டத்தைத் திருத்தி, 'முன்கூட்டிய பொதுப் பார்வை' என்று 15 நாள் கட்டம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். வரைவு எழுதத் தொடங்கும் முன்பே மக்களைக் கேட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல திருத்தம்தான். ஆற்றங்கரைத் திட்டத்துக்கு அது உதவியிருக்க வழியில்லை. அதன் வரைவு ஏற்கெனவே கூட்டம் வரை வந்து முடிந்திருந்தது.

2015 ஏப்ரலில் நாடாளுமன்றம் இந்த ஒரு திட்டத்துக்காகவே தனிச் சட்டம் போட்டது. தனியார் வீடு, வணிக வளாகம் கட்டுவதற்கான நிலத்தைப் 'பொதுநலன்' என்ற பெயரில் கையகப்படுத்த அது வழி செய்தது. அதே மாதம் ஒப்பந்தமும் கையெழுத்தானது. கூட்டு நிறுவனத்தில் அபுதாபியின் ஈகிள் ஹில்ஸ் நிறுவனத்துக்கு 68%, செர்பிய அரசுக்கு 32%. ஒப்பந்தத்தின் வாசகம் மாதக்கணக்கில் வெளிவரவில்லை. செப்டம்பரில் வெளியானபோது, கூட்டாளி உறுதியாகத் தர ஒப்புக்கொண்டது மூலதனமும் கடனுமாகச் சேர்த்து 30 கோடி யூரோ அளவில்தான் என்று தெரிந்தது. மேடையில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செர்பியக் கட்டடக்கலை அகாதமி அந்த ஆண்டு மார்ச்சிலேயே திட்டத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டிருந்தது. துறை வல்லுநர்கள் சொல்லியே எடுபடவில்லை என்றால், பொதுப் பார்வைக்கு வந்து போன சாதாரண மனிதரின் மனு என்ன ஆகும்?

பிறகு வந்தது 2016 ஏப்ரல் 24 இரவு. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து வாக்கு எண்ணிக்கொண்டிருந்த நேரம். திட்டத்துக்குள் வரும் சவமாலா பகுதியில், ஹெர்ட்செகோவாச்கா தெருவில், முகமூடி அணிந்தவர்கள் பொக்லைன் இயந்திரங்களோடு வந்து கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். வழியில் போனவர்களையும் காவலாளியையும் பிடித்து வைத்தார்கள். மக்கள் போலீசுக்குப் போன் செய்தார்கள், போலீஸ் வரவில்லை. தற்செயலாக அல்ல, தலையிட வேண்டாம் என்று முடிவெடுத்தே வரவில்லை என்பதை நாட்டின் குறைதீர்ப்பாளர் விசாரித்து அறிக்கையாகவே வெளியிட்டார். ஜூனில், அப்போது பிரதமராக இருந்த அலெக்சாண்டர் வுச்சிச், இதன் பின்னால் நகர நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தானே சொன்னார்.

கோடை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நடந்தார்கள். ஊர்வலத்தின் முன்னே ஒரு பெரிய மஞ்சள் வாத்து. செர்பியப் பேச்சுவழக்கில் 'வாத்து' என்றால் ஏமாற்று வேலை என்றும் பொருள் உண்டு. இதைவிடக் கொச்சையான பொருளும் ஒன்று உண்டு, அதை விட்டுவிடலாம். கருத்துக்கேட்பு அறைக்குள் சிலரே பிடித்திருந்த நீச்சல் வளையம், தெருவில் ஊரே இழுத்துச் செல்லும் வாத்தானது. அறையில் கேட்காதவர்களுக்குத் தெருவில் கேட்டது. ஆனால் கட்டுமானம் நிற்கவில்லை. 1884-இல் திறக்கப்பட்ட பெல்கிரேட் மத்திய ரயில் நிலையம் 2018 கோடையில் மூடப்பட்டது. அதற்கு மாற்றாகச் சொன்ன புரோகோப் நிலையம் அப்போது முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை.

கேட்காமல் செய்வது ஒரு வகை. கேட்டே செய்வது இன்னொரு வகை, அதில் மாஸ்கோவை மிஞ்ச ஆளில்லை. 2017 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷேவ் காலத்து ஐந்து மாடிக் குடியிருப்புகளை மொத்தமாக இடித்து, பத்து லட்சம் பேருக்கு மேல் வேறு வீடு கொடுக்கப் போவதாக மேயர் சோபியானின் அறிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் நகர நிர்வாகம், சரி, வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்றது. மே 15 முதல் ஜூன் 15 வரை, 4,500-க்கும் மேற்பட்ட கட்டடங்களில், கைபேசிச் செயலியிலும் சேவை மையங்களிலும் வாக்கு. வாக்களிக்காதவர் எல்லாம் 'சரி' என்றே கணக்கு என்பது முதலில் இருந்த விதி. கூச்சல் எழுந்ததும், வாக்களிக்காதவர்களை வாக்களித்தவர்களின் விகிதத்திலேயே பிரித்துச் சேர்ப்பது என்று மாற்றினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்தால் கட்டடம் பட்டியலில் சேரும். பத்தில் ஒன்பது கட்டடங்கள் சரி என்றன.

இதை மோசடி என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. ஒழுகும் குழாயும் லிஃப்ட் இல்லாத மாடியுமாக வாழ்ந்தவர்களில் பலருக்குப் புது வீடு உண்மையாகவே வேண்டியிருந்தது. விதிகள் மாறியதற்கும், இலவசமாகக் கொடுக்கும் மாற்று வீடு அதே வட்டாரத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற உத்தரவாதங்கள் சட்டத்தில் ஏறியதற்கும் அந்த மே மாதப் போராட்டங்கள் ஒரு காரணம். என் சந்தேகம் வேறு இடத்தில். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி, உங்கள் கட்டடம் திட்டத்தில் சேரலாமா, வேண்டாமா என்பது மட்டும்தான். அந்த இடத்தில் என்ன வரும், எத்தனை மாடி வரும், மரங்கள் நிற்குமா, பள்ளிக்கூடம் போதுமா என்று எதுவும் கேட்கப்படவில்லை. பட்டியலில் உள்ள ஐந்து மாடிக்குப் பக்கத்திலேயே ஒன்பது மாடிக் கட்டடத்தில் இருப்பவரின் ஜன்னலுக்கு எதிரே நாளைக்குக் கோபுரம் எழும்பலாம். அவருக்கு வாக்கே இல்லை.

யெகாத்தரின்பர்கில் 2019-இல் நடந்தது இதன் மறுபக்கம். உரால் மலைப்பகுதியின் இந்தப் பெரிய நகரத்தில், சோவியத் காலத்தில் இடிக்கப்பட்ட புனித கேத்தரின் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று பெருந்தொழிலதிபர்கள் முன்வந்தார்கள். முதலில் நகர ஏரியின் மேலேயே கட்டலாம் என்றார்கள். 2017-இல் மக்கள் ஏரியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள், அந்த யோசனை போனது. அடுத்து நாடக அரங்கின் அருகிலுள்ள பூங்காவைத் தேர்ந்தெடுத்து 2019 மே மாதம் வேலி போட்டார்கள். வேலி சாய்க்கப்பட்டது, கைகலப்பு, கைது, நாலைந்து நாள் களேபரம். கருத்துக் கணிப்பு நடத்துங்கள் என்றார் புதின். அரசுசார் நிறுவனம் நடத்திய கணிப்பில் 74% பேர் அந்தப் பூங்கா பொருத்தமான இடமில்லை என்றார்கள். பூங்கா தப்பியது. அக்டோபரில் நகரமே வாக்களித்துப் பழைய கருவித் தொழிற்சாலை இருந்த மனையைத் தேர்ந்தெடுத்தது. சீட்டில் இரண்டு இடங்கள் இருந்தன. தேவாலயம் வேண்டாம் என்பதற்குக் கட்டம் இல்லை. அதிகாரத்தின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. ஆனாலும் இடத்தை மாற்ற மக்களால் முடிந்தது. அஸ்திவாரம் விழும் முன்பே தடுத்தார்கள் என்பதுதான் பெல்கிரேடுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

போலந்துக்காரர்கள் கண்டுபிடித்த வழி மென்மையானது. 2011-இல் கடலோரச் சிறு நகரமான சோபோட்டில், நகர பட்ஜெட்டின் ஒரு சிறு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யத் தொடங்கினார்கள். பிரேசிலில் பிறந்த யோசனை இது. போலந்தில் காட்டுத்தீயாகப் பரவியது. 2018-இல் பெரிய நகரங்களுக்கு இது சட்டப்படி கட்டாயமானது: முந்தைய ஆண்டுச் செலவில் குறைந்தது 0.5%. இதில் சைக்கிள் பாதை வந்தது, மரம் வந்தது, விளையாட்டுத் திடல் வந்தது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவிளக்கு எங்கே வேண்டும் என்று உற்சாகமாகக் கேட்கிற அதே நகராட்சி, அந்தத் தெருவின் முனையில் பதினெட்டு மாடிக்குக் கட்டட நிபந்தனை ஆணை கொடுக்கும்போது பக்கத்து மனைக்காரர்களைத் தவிர யாரையும் கேட்பதில்லை. மீதி 99.5% பற்றிய பேச்சு வேறு அறையில் நடக்கிறது.

இதில் ஒரு நகைமுரண். பங்கேற்பு எப்போது நடக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவைத்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று உண்டு. 1998-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் கையெழுத்தானது. எல்லா மாற்று வழிகளும் திறந்திருக்கும்போதே, தொடக்கத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது அதன் ஆறாவது பிரிவு. 2001-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலானவை கம்யூனிசத்திலிருந்து வெளிவந்த நாடுகள்தான். மேற்கு ஐரோப்பா நிதானமாகப் பின்னால் வந்தது. செர்பியா 2009-இல் சேர்ந்தது. ரஷ்யா சேரவே இல்லை. பெலாரூஸ் சேர்ந்துவிட்டு 2022-இல் விலகிக்கொண்டது. கையெழுத்துப் போடுவதும், ஒரு முதலீட்டாளரிடம் 'பொறுங்கள், முதலில் ஊரைக் கேட்கிறோம்' என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள்.

அதனால்தான் அறைக்குள் கேட்கப்படாதவர்கள் பலர், மனு எழுதுவதை விட்டுவிட்டுத் தேர்தலுக்குப் போனார்கள். குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 2010-இல் வர்ஷாவ்ஸ்கா தெருவில், நடைபாதைப் பகுதியை வெட்டி ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்துக்கு வழி விடக் கூடாது என்று போராடினார்கள். தோற்றார்கள், சரிவுப் பாதை கட்டப்பட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னணியில் இருந்த தோமிஸ்லாவ் தோமாஷெவிச் 2021-இல் அதே நகரத்தின் மேயரானார். பெல்கிரேடில் நீச்சல் வளையக்காரர்கள் 2018 நகரத் தேர்தலில் நின்று 5% வரம்பைத் தாண்டவில்லை. 2022 ஏப்ரலில் மற்றவர்களோடு கூட்டணி சேர்ந்து நகரமன்றத்துக்குள்ளும் நாடாளுமன்றத்துக்குள்ளும் நுழைந்தார்கள். அப்போது சாவா கரையில் 168 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்து நின்றது. ஒப்பந்தத்துக்கு முப்பது ஆண்டு ஆயுள். அவர்கள் உள்ளே போனபோது அதில் ஏழு ஆண்டுதான் கழிந்திருந்தது.